கெலிங்: விலங்குச் சத்தமா, நாட்டின் பெயரா?

காம்பார் போன்ற பேராக் ஊர்களின் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்கள் 'கெலிங்' என்ற சொல்லை ஒரு முறையாவது கேட்டு மனம் நொந்திருப்பார்கள். அதோடு ஒரு கதையும் சொல்லப்படுவதுண்டு. வெள்ளையர் காலத்தில் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகளின் கால் விலங்கு 'கிளிங், கிளிங்' என்று ஒலித்ததாம். அதுவே நம் இனத்துக்குப் பெயராகிவிட்டதாம்.

காலக்கணக்கு இடிக்கிறது. ஆங்கிலேயர் பினாங்கில் கால் வைத்ததே 1786-இல். கைதிகள் வந்தது அதற்கும் பிறகு. ஆனால் 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர், அங்கிருந்த தமிழ் வணிகர்களை இதே பெயரால்தான் எழுதி வைத்தார்கள். 'செஜாரா மெலாயு' தென்னிந்தியாவை 'பெனுவா கெலிங்', அதாவது கெலிங் நாடு என்கிறது. சொல்லின் வேர் கலிங்கம். இன்றைய ஒடிசாவும் வட ஆந்திரக் கரையும். அங்கிருந்து கப்பலேறி வந்தவர்களின் பெயர், தெற்கேயிருந்து வந்தவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. கலிங்கத்தைக் கண்ணால் காணாத தமிழனும் கெலிங் ஆனான்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். சுவிட்சர்லாந்தில் ஜெனீவா, லோசான் பக்கம் பிரெஞ்சு பேசுகிறார்கள். ஜெர்மன் பேசும் சுவிஸ்காரர்கள் அப்பகுதியை 'வெல்ஷ்லாந்து' என்பார்கள். சீசர் குறிப்பிடும் 'வோல்கே' என்ற கெல்டிக் குலத்தின் பெயரே இதன் வேர் என்பது மொழியறிஞர் கருத்து. ஜெர்மானியர் அதை முதலில் கெல்டியர் அனைவருக்கும், பிறகு லத்தீன் வழி மொழி பேசியவர்களுக்கும் சூட்டிவிட்டார்கள். பிரிட்டனின் வேல்ஸும் பெல்ஜியத்தின் வலோனியாவும் இதே வேரில் முளைத்தவை. வேல்ஸ் மக்களோ தங்கள் நாட்டை 'கம்ரி' என்கிறார்கள். புரியாத பேச்சுக்கு ஜெர்மன் மொழியில் 'கௌடர்வெல்ஷ்' என்று பெயர். அங்கேயும் இளக்காரம் வந்து சேர்ந்துவிட்டது, பாருங்கள்!

நாம் மட்டும் சளைத்தவர்களா? அயோனியக் கிரேக்கரின் பெயரை 'யவனர்' ஆக்கி ரோமானியருக்கும் வைத்தோம். 'பிராங்க்' என்ற ஜெர்மானியக் குலத்தின் பெயர் அரபு, பாரசீகம் வழியாக வந்து, 'பரங்கி' என்று போர்த்துகீசியர் தலையில் விழுந்தது. சென்னையில் பரங்கிமலை, பினாங்கில் பத்து ஃபெரிங்கி.

ஆக, 'கெலிங்' பிறந்தபோது வசவு அல்ல. பினாங்கில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரில் அது இந்தியச் சமூகத் தலைவரின் பதவிப் பெயர். பின்னர் தமிழன் என்றாலே தோட்டக்கூலி என்ற எண்ணம் பரவியது. சொல்லும் அதோடு கீழே இறங்கியது. காம்பார் பக்கத்துப் பால்மரக் காட்டுக்கு அது வந்து சேர்ந்தபோது, அதில் கலிங்கத்தின் நினைவு எதுவும் மிச்சமில்லை.