ஒரு ஃபிளாப்பிக்குள் ஒரு உலகம்

"சி டிரைவ் நிறைஞ்சுபோச்சு, ஃபிளைட் சிமுலேட்டரை டி-க்கு மாத்தலாமா?"

1982-ல் இந்தக் கேள்விக்கே இடமில்லை. புரூஸ் ஆர்ட்விக் எழுதி, ஐபிஎம் பிசிக்காக மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட முதல் பதிப்பு ஒரே ஃபிளாப்பியில் அடங்கியது. டாஸ்கூட வேண்டாம். ஃபிளாப்பியைச் செருகி கம்ப்யூட்டரைப் போட்டால், சிகாகோவின் மெக்ஸ் ஃபீல்டு ஓடுபாதையில் விமானம் நிற்கும்.

2006-ல் எஃப்எஸ்எக்ஸ் இரண்டு டிவிடியில் வந்தது. தனியாக வாங்கிய சீனரிகளை வேறு டிரைவில் போட்டுவிட்டு, சீனரி.சிஎஃப்ஜி ஃபைலில் அந்தப் பாதையை எழுதினால் போதும். 2020 பதிப்பு ஐரோப்பாவில் பத்து டிவிடி! அதிலும் ஃபோல்டரை நகர்த்திவிட்டு, யூசர்சிஎஃப்ஜி.ஆப்ட் ஃபைலில் ஒரு வரியை மாற்றினால் வேலை முடிந்தது.

ஆனால் நகர்வது பாதிதான். மைக்ரோசாஃப்ட் கணக்கில் இரண்டு பெட்டாபைட்டுக்கு மேற்பட்ட பூமிப் படங்கள் அவர்களுடைய சர்வரில்தான் இருக்கின்றன. பறக்கப் பறக்க இறங்கும். 2024 பதிப்பில் இன்னும் அதிகம் அங்கேயே போய்விட்டது. நம்ம டிரைவில் இடம் மிச்சம், சரி. சர்வரை நிறுத்திட்டா?

நிஜ மெக்ஸ் ஃபீல்டு ஓடுபாதையை 2003-ல் சிகாகோ மேயர் ராத்திரியோடு ராத்திரியாக புல்டோசர் விட்டுத் தோண்டிப்போட்டார். அந்தப் பழைய ஃபிளாப்பியில் அது பத்திரமாக இருக்கு.