மூட்டையா, சில்லறையா?

மொத்த வியாபாரியிடம் போய், ‘கால் கிலோ வெங்காயம் கொடுங்க’ என்று கேட்டுப் பாருங்கள். ஏற இறங்கப் பார்ப்பார். ‘மூட்டையா எடுக்கிறதுன்னா எடுங்க. இல்லாட்டி சில்லறைக் கடைக்குப் போங்க!’

1990-களின் நடுப்பகுதி வரை நம் பங்குச் சந்தையும் இப்படித்தான் பேசியது. அங்கே மூட்டைக்குப் பெயர், ‘மார்க்கெட் லாட்’. பத்து ரூபாய் முகமதிப்புள்ள பங்கு என்றால், பெரும்பாலும் 50 அல்லது 100 சேர்ந்ததுதான் ஒரு லாட்.

ஏன் இந்தக் கெடுபிடி? அப்போது பங்கு என்பது காகிதம். விற்றால், சான்றிதழோடு பரிமாற்றப் பத்திரம் இணைத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டிக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அங்கே கையெழுத்தைச் சரிபார்த்துப் பெயர் மாற்றுவார்கள். ஒரு பங்குக்கும் அதே வேலை. நூறுக்கும் அதே வேலை!

சரி, நூறாகவே வாங்கிவிட்டால் தீர்ந்ததா? அதுதான் இல்லை. உங்களிடம் 100 பங்கு இருக்கிறது. ஐந்துக்கு இரண்டு போனஸ் என்று கம்பெனி 40 பங்கு தருகிறது. லாட் 100 என்றால், அந்த நாற்பதுக்குப் பெயர் ‘ஆட் லாட்’. விற்கப் போனால் சந்தை விலையைவிடக் குறைத்துத்தான் கேட்பார்கள். அதே கம்பெனி, அதே டிவிடெண்ட். ஆனாலும் மதிப்புக் குறைவு! அடி வாங்கியது, சம்பளத்தில் மிச்சம் பிடித்து முதலீடு செய்தவர்கள்தான்.

1996-ல் டெபாசிட்டரி சட்டம் வந்தது. அந்த நவம்பரிலேயே என்.எஸ்.டி.எல். செயல்படத் தொடங்கியது. காகிதம் போய், பங்குகள் கம்ப்யூட்டர் கணக்கில் ஏறின. அதுதான் டிமேட். காகிதமே இல்லாதபோது மூட்டை எதற்கு? டிமேட்டில் ஒரே ஒரு பங்கும் ஒரு லாட்தான்.

லாட் ஒழிந்ததா? இல்லை, வேறு வாசல் வழியாக வந்தது. 2000 ஜூனில் நிஃப்டி ஃப்யூச்சர்ஸ் அறிமுகமானது. நாளைய விலைக்கு இன்றே ஒப்பந்தம் போடும் வியாபாரம். இதற்கு லாட் உண்டு. ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பு 2 லட்சம் ரூபாயாக இருந்து, 2015-ல் 5 லட்சமானது. 2024 நவம்பரில், குறியீட்டு ஒப்பந்தங்களுக்கு அதையே 15 லட்சமாக்கியது, சந்தையைக் கண்காணிக்கும் செபி.

காரணம் இருந்தது. 2024 மார்ச்சோடு முடிந்த மூன்று நிதியாண்டுகளில், ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவிகிதம் பேர் நஷ்டப்பட்டதாக செபியின் ஆய்வே சொன்னது.

பழைய லாட், சின்ன முதலீட்டாளரை வெளியே நிறுத்தியது காகித வேலைக்குப் பயந்து. புதிய லாட் நிறுத்தப் பார்ப்பது, அவர் கையைச் சுட்டுக்கொள்வாரே என்று பயந்து. இரண்டும் வேலிதான். தாண்டுவதற்கு முன்னால், இது யாருக்காகப் போட்ட வேலி என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்!