வென்ற ஆட்டத்தை யார் மீளாய்வு செய்வது?

யாழ்ப்பாணத்தில் முந்நூற்றுநான்கு என்ற சீட்டாட்டம் நடைபெறும் திண்ணைகளை அறிந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். ஆட்டம் முடிந்த பின்னர் எழும் தர்க்கம் ஆட்டத்தைக் காட்டிலும் நீண்டதாக இருக்கும். "நீர் அந்த இடத்திலை துரும்பை இறக்கியிருக்கக் கூடாது" என்று ஒருவர் தொடங்குவார். "வேறை என்ன செய்யச் சொல்லுறீர்?" என்று மற்றவர் மல்லுக்கு நிற்பார். ஆனால் அத்தர்க்கங்கள் யாவும் தோற்ற ஆட்டத்தைப் பற்றியவையே. வென்ற ஆட்டத்தை எவரேனும் மீண்டும் விரித்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

இப்பழக்கத்திலுள்ள குறையை அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் 2017 ஜனவரியில் நடைபெற்ற ஒரு போக்கர் போட்டி எனக்கு உணர்த்தியது. சூதாட்டத்தின் புகழ் பாடுவது எனது நோக்கமல்ல. ஒரு தீர்மானத்தை எவ்வாறு மீளாய்வு செய்வது என்ற கேள்வியே இங்கு முக்கியமானது.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ரெக்சாஸ் ஹோல்டெம் எனப்படும் போக்கரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாக வழங்கப்படும். மேசை நடுவே ஐந்து பொதுச் சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும். ஒன்பது, பத்துப் பேர் அமர்ந்த மேசையில் நல்ல சீட்டு வரும்வரை பொறுத்திருக்கலாம். ஆறு பேர் அல்லது அதற்கும் குறைவானோர் எனில் கட்டாயப் பந்தயம் அடிக்கடி நம்மிடமே சுற்றி வரும். ஆகவே நடுத்தரமான சீட்டுகளுடனும் ஆடியாக வேண்டும். பந்தயத்துக்கு எல்லை இல்லாத ஆட்டத்திலோ, கையிலுள்ள அனைத்தையும் எந்நேரத்திலும் எதிராளி முன்வைக்கலாம். கடினமான தீர்மானங்கள் பெருகுவது இதனாலேயே.

ஓர் உதாரணம். ஐந்தாவது பொதுச் சீட்டும் திறந்தாயிற்று. குவியலில் 100 டொலர் இருக்கிறது. எதிராளி மேலும் 100 டொலர் வைக்கிறார். நீங்கள் 100 கொடுத்தால் 200 ஐ வெல்லும் வாய்ப்பு. மூன்று தடவைகளில் ஒரு தடவை வென்றாலே நட்டமில்லை. அவர் 300 வைத்தால் நீங்கள் 300 கொடுத்து 400 ஐத் தேடுகிறீர்கள். இப்போது ஏழு தடவைகளில் மூன்று தடவை வெல்ல வேண்டும். அவர் ஏமாற்றுகிறாரா என்று ஊகிப்பதுடன் விடயம் முடிவதில்லை. இதே நிலைமையில் ஏழுக்கு மூன்று என்ற அளவிலாவது அவர் ஏமாற்றக் கூடியவரா என்பதே சரியான கேள்வி. அன்று நீங்கள் வென்றீர்களா, தோற்றீர்களா என்பது அக்கேள்விக்கு விடையாகாது.

இருவர் ஆடும் எல்லையற்ற போக்கரில் எழக்கூடிய தீர்மானக் கட்டங்களின் எண்ணிக்கையை, 1 ஐத் தொடர்ந்து 161 பூச்சியங்கள் என்ற அளவில் ஆய்வாளர்கள் கணித்தனர். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டுவோமஸ் சான்ட்ஹோமின் குழுவினர் உருவாக்கிய கிளோடிகோ என்ற கணினி நிரல், 2015 இல் இத்தகைய ஆட்டத்தில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களைச் சந்தித்தது. 80,000 ஆட்டங்களின் முடிவில் மனிதர்கள் 732,713 டொலர் பெறுமதியான சில்லுகளால் முன்னின்றனர்.

2017 இல் சான்ட்ஹோமும் அவரது மாணவர் நோம் பிரவுனும் லிப்ராட்டஸ் என்ற புதிய நிரலுடன் வந்தனர். ஜேசன் லெஸ், டொங் கிம், டானியல் மெக்கோலி, ஜிம்மி சூ ஆகிய நால்வரும் தனித்தனியாக அதனை எதிர்த்தனர். இருபது நாட்கள், 120,000 ஆட்டங்கள். ஒவ்வோர் இரவும் நால்வரும் ஒன்றுகூடி அன்றைய ஆட்டங்களை அலசினர். இயந்திரம் எங்கே தடுமாறுகிறது, எந்த அளவு பந்தயம் வைத்தால் அது பிசகுகிறது என்று தேடினர். முதல் வாரத்தில் இடைவெளியைக் குறைக்கவும் அவர்களால் முடிந்தது. ஆனால் ஒரு நாள் கண்டுபிடித்த பலவீனம் அடுத்து வந்த நாட்களில் மறைந்துபோவதை அவர்களே கண்டு வியந்தனர்.

காரணம், இயந்திரமும் இரவுகளில் மீளாய்வு செய்துகொண்டிருந்தது. எல்லாப் பந்தய அளவுகளையும் அது முன்கூட்டியே கணித்திருக்கவில்லை. தான் கணிக்காத எந்த அளவுகளை மனிதர்கள் அதிகம் பயன்படுத்தினர் என்று பார்த்து, பிரிட்ஜஸ் என்ற மீக்கணினியின் துணையுடன் அந்த இடைவெளிகளை நிரப்பியது. மனிதர்கள் எதிராளியின் ஓட்டைகளைத் தேடிய அதே இரவுகளில் இயந்திரம் தனது ஓட்டைகளை அடைத்தது. இறுதியில் நால்வரும் தோற்றனர். மொத்தத் தோல்வி 1,766,250 டொலர் பெறுமதியான சில்லுகள்.

அதன் அடிப்படைப் பயிற்சி முறை இன்னும் சுவையானது. கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007 இல் வெளியிட்ட வழியைப் பின்பற்றி, நிரல் தன்னுடன் தானே ஆடுகிறது. பின்னர் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் திரும்பிச் சென்று, வேறொன்றைத் தெரிந்திருந்தால் எவ்வளவு கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று கணக்கிடுகிறது. அந்த வித்தியாசத்துக்கு ஆய்வாளர்கள் இட்ட பெயர் 'வருத்தம்'. வருத்தம் கூடிய தெரிவை அடுத்த முறை அதிகமாகப் பயன்படுத்துகிறது. வென்ற ஆட்டத்துக்கும் தோற்ற ஆட்டத்துக்கும் அங்கே வேறுபாடு கிடையாது.

2019 இல் இதே இருவரும் வெளியிட்ட புளூரிபஸ் என்ற நிரல், ஆறு பேர் மேசையில் ஒரே நேரத்தில் ஐந்து தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் 12 நாட்களில் 10,000 ஆட்டங்கள் ஆடி வென்றது. முந்திய சுற்றில் எதிராளியின் பந்தயத்துக்கு ஈடுகொடுத்து மட்டும் நின்றவர், அடுத்த சுற்றைத் தானே பந்தயம் வைத்துத் தொடங்குவது கற்றுக்குட்டியின் செயல் என்பது அனுபவசாலிகளின் பொதுக் கருத்தாக இருந்தது. புளூரிபஸ் அதனை அவர்களைவிட அதிகமாகச் செய்தது. ஆண்டுக்கணக்காக நடந்த மீளாய்வுகளும் அந்தக் கருத்தை அசைத்திருக்கவில்லை.

இதனை வாசித்தபோது எனக்கு எனது இரவுப் பணி நினைவுக்கு வந்தது. 1990 களில் நான் இளம் உதவி ஆசிரியன். ஓரிரவு பிரதேச நிருபர் ஒருவர் தொலைபேசியில் ஒரு விபத்துச் செய்தியைத் தந்தார். வேறு எவரிடமும் உறுதிப்படுத்தாமல் முன்பக்கத்தில் இட்டேன். செய்தி உண்மையாகவே இருந்தது. ஏனைய பத்திரிகைகளில் அது வரவில்லை. மறுநாள் எல்லோரும் பாராட்டினர்.

சில மாதங்களின் பின்னர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காலமானார் என்ற தகவல் அதேபோன்று வந்தது. நானும் அதேபோன்று பிரசுரித்தேன். இரண்டு நாட்களின் பின்னர் அந்த ஆசிரியர் பத்திரிகையை மடித்துக் கையில் பிடித்தவாறு அலுவலகப் படியேறி வந்தார். அவர் கோபப்படவில்லை. "என்ரை அக்கா அழுதுகொண்டு பஸ் ஏறி வந்தவ, தம்பி" என்று மட்டும் கூறினார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

நாங்கள் திருத்தம் பிரசுரித்தோம். ஆசிரியபீடத்தில் அந்த இரவைப் பற்றி நீண்ட விசாரணை நடந்தது. ஆனால் விபத்துச் செய்தி வந்த இரவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு இரவுகளிலும் நான் செய்தது ஒரே தவறு. முதலாவது இரவு எனக்குப் பாராட்டுக் கிடைத்தது. அதனாலேயே அந்தத் தவறு எனக்குப் பழக்கமாயிற்று.

இப்போது இளம் செய்தியாளர்களுடன் அமரும் வேளைகளில், பிழைத்த செய்திகளை நான் பின்னுக்கு வைக்கிறேன். நேற்றுச் சரியாக வந்த செய்தியில் எதனை உறுதிப்படுத்தாமல் விட்டோம் என்பதே எனது முதற் கேள்வி. பெரும்பாலும் அவர்கள் திகைக்கிறார்கள். அந்த ஆசிரியர் படியேறி வந்த கதையை அப்போது சொல்வேன்.