உணரப்படாத தேவை: அமெரிக்காவில் கஞ்சாப் பயன்பாட்டுக் கோளாறும் சிகிச்சையின் சரிவும்

அமெரிக்காவில் கஞ்சாப் பயன்பாட்டுக் கோளாறு உடையோரில் சிகிச்சை பெறுவோரின் விகிதம் 2002க்கும் 2019க்கும் இடையே குறைந்தது. தமக்குச் சிகிச்சை தேவை என்று சொல்வோரின் விகிதமும் உடன் குறைந்தது. போதைப்பொருள் பயன்பாடு, உடல்நலம் பற்றி அங்கே ஆண்டுதோறும் நடக்கும் தேசிய ஆய்வின் தரவுகளிலிருந்து தெரியவருவது இது. இந்தச் சரிவை நோயாளியின் 'மறுப்பு மனநிலை' என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அது போதாது என்பதே என் வாதம். தேவையுணர்வு தனிமனிதரின் உள்ளத்தில் தானே முளைப்பதன்று. சட்டமும் சந்தையும் மருத்துவமும் சேர்ந்து அதை வளர்க்கின்றன, அல்லது மங்கச் செய்கின்றன.

முதலில் எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கோளாறு உடையோர் 2002இல் சுமார் 43 லட்சம் பேர், 2022இல் சுமார் 1.9 கோடிப் பேர் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. இவ்விரண்டையும் ஒரே கோட்டில் வைத்து ஒப்பிடக் கூடாது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு நோயறி கையேடு 'தீய பயன்பாடு', 'சார்புநிலை' என்னும் இரு பிரிவுகளை ஒன்றாக்கியது. அடங்கா வேட்கையையும் விலகல் அறிகுறிகளையும் அளவுகோல்களில் சேர்த்தது. ஆய்வு அந்தப் புதிய வரையறைக்கு 2020இல்தான் மாறியது. ஆனால் வரையறையைச் சாராத ஓர் எண் இருக்கிறது. நாள்தோறும் அல்லது ஏறக்குறைய நாள்தோறும் கஞ்சா பயன்படுத்துவோர் 1992இல் 10 லட்சத்துக்கும் குறைவு. 2022இல் சுமார் 1 கோடியே 77 லட்சம். அந்த ஆண்டில் நாள்தோறும் குடிப்போரை விட இவர்களே அதிகம். கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் போதையூட்டும் டிஎச்சியின் அளவும் 1995இல் ஏறத்தாழ 4 விழுக்காடாக இருந்து 2014இல் 12 விழுக்காடானது. ஆகவே சிகிச்சை குறைந்ததற்குத் தீங்கு குறைந்தது காரணம் என்று சொல்ல இடமில்லை.

பிறகு யார் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார்கள்? கஞ்சாவுக்காகச் சிகிச்சை மையங்களில் சேர்ந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேரை நீதிமன்றமோ நன்னடத்தை அலுவலரோ அனுப்பியிருந்தார்கள். கஞ்சா தொடர்பான கைதுகள் 2007இல் 8.7 லட்சத்தைத் தொட்டன. கொலராடோ, வாஷிங்டன் மாநிலங்கள் 2012இல் வாக்கெடுப்பின் மூலம் பொழுதுபோக்குப் பயன்பாட்டைச் சட்டபூர்வமாக்கின. பல மாநிலங்கள் தொடர்ந்தன. கைதுகள் வெகுவாகக் குறைந்தன. சிறைக்கு அஞ்சிச் சிகிச்சை பெறும் நிலை ஒழிவது நல்லதே, இதில் எனக்கு ஐயமில்லை. அந்தக் கைதுகளில் கறுப்பினத்தவர் வெள்ளையரைக் காட்டிலும் பன்மடங்கு சிக்கினார்கள். என் குறை வேறு. நீதிமன்றத்தின் வழி சுருங்கியபோது, விரும்பி வருவோருக்கான வழியை அதற்கு ஈடாக யாரும் திறக்கவில்லை.

இனித் தேவையுணர்வுக்கு வருவோம். கஞ்சாவை நிறுத்தியவருக்கு ஓரிரு நாளில் எரிச்சல், பதற்றம், பசியின்மை, தூக்கமின்மை தொடங்குகின்றன. முதல் வாரத்தில் உச்சமடைந்து பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தணிகின்றன. தூக்கக் குலைவு மேலும் நீடிப்பதுண்டு. தூக்கத்துக்காகவே கஞ்சாவை நாடிய ஒருவர் மூன்றாம் இரவு கண்விழித்துக் கிடக்கும்போது என்ன முடிவுக்கு வருவார்? தன் தூக்கமின்மைக்கு இதுதான் மருந்து என்ற முடிவுக்கே வருவார். விலகல் அறிகுறியே மருந்தின் பயனுக்குச் சான்றாகிவிடுகிறது. நீண்டகாலப் பயன்பாட்டால் வரும் ஓயாத வாந்தியும் இத்தகையதே. 2004இல் தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து விவரிக்கப்பட்ட இந்நோயில், குமட்டலுக்குக் கஞ்சா நல்லது என்று கேள்விப்பட்டவர் மேலும் புகைக்கிறார். கலிபோர்னியா 1996இல் மருத்துவக் கஞ்சாவை ஏற்றது முதல் 'மருந்து' என்ற பெயர் கடைப் பலகையில் ஏறியிருக்கிறது. இவர்கள் தம் அனுபவத்திலிருந்து, கிடைத்த தகவலைக் கொண்டு, முறையாகவே ஊகிக்கிறார்கள். ஊகம் தவறாவது வேறொரு விளக்கம் அவர்களை எட்டாததால். இதை மறுப்பு என்று அழைப்பது அநீதி.

எதிர்வாதம் ஒன்றை மதித்துப் பார்க்க வேண்டும். அந்தக் கையேட்டின் 11 அளவுகோல்களில் இரண்டு பொருந்தினாலே லேசான கோளாறு. அப்படிப்பட்டவர் 'எனக்குச் சிகிச்சை வேண்டாம்' என்றால் அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். பலர் தாமாகவே குறைத்துக்கொள்கிறார்கள். எனவே கோளாறு உடைய அனைவரையும் சிகிச்சை இடைவெளியின் கணக்கில் சேர்ப்பது மிகைதான். ஆயினும் ஆறோ அதற்கு மேலோ பொருந்தும் கடுமையான நிலையில் இந்த வாதம் நிற்காது.

சிகிச்சையே இல்லை என்பதும் உண்மையன்று. இந்தக் கோளாறுக்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்து அமெரிக்காவில் இல்லை; பேச்சுவழிச் சிகிச்சை உண்டு. 450 பேரைக் கொண்டு நடந்து 2004இல் வெளியான பல்மையச் சோதனையில், ஒன்பது அமர்வுகள் பெற்றோர் இரண்டு அமர்வுகள் பெற்றோரை விடவும், இரண்டு அமர்வுகள் பெற்றோர் சிகிச்சைக்குக் காத்திருந்தோரை விடவும் பயன்பாட்டைக் கூடுதலாகக் குறைத்தார்கள். இத்தகைய உரையாடல் போதை மறுவாழ்வு மையத்தின் வாசலுக்கு வந்தால்தான் கிடைக்கும் என்றிருக்கத் தேவையில்லை. தூக்கமில்லை, வாந்தி நிற்கவில்லை என்று பொதுமருத்துவரிடம் வருகிறவரிடமே அதைத் தொடங்கலாம்.

ஆய்வாளர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பயன்பாட்டைக் குறைக்கவோ நிறுத்தவோ முயன்று முடியாமல் போனதா என்று அந்தத் தேசிய ஆய்வே கேட்கிறது. சிகிச்சை தேவையென உணர்ந்தீர்களா என்றும் கேட்கிறது. முதல் கேள்விக்கு 'ஆம்' என்றும் இரண்டாவதற்கு 'இல்லை' என்றும் சொல்லும் அதே மனிதர்களைத் தனியே பிரித்துப் படிக்க வேண்டும். நிறுத்த விரும்பியும் இயலாதவர்கள் சிகிச்சையை ஏன் ஒரு வழியாகவே எண்ணவில்லை என்பதற்கான விடை அவர்களிடம் இருக்கிறது.