சீனித்துளசியின் கதை



கோப்பியைக் கலக்கும்போது, "இவருக்குச் சீனி போடலாமா, கூடாதா?" என்று யோசிக்காத வீடு இன்று நம்மிடையே குறைவு. தாத்தாவுக்கு இனிப்புநீர், அத்தைக்கு இனிப்புநீர், நாற்பது வயதைத் தாண்டாத மாமாவுக்கும் இனிப்புநீர். மலேசியாவில் 2019-இல் எடுக்கப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது. இனவாரியாகப் பார்த்தபோது இந்தியர்களிடையேதான் அது மிக அதிகமாகக் காணப்பட்டது. ஆகவே இது நம் வீட்டுச் செய்தி.

இந்நிலையில் கடைகளில் சிறு சிறு புட்டிகளில் ஒரு திரவம் வந்திருக்கிறது. இரண்டு மூன்று சொட்டு விட்டால் போதும், கோப்பி இனித்துவிடுகிறது. ஸ்டீவியா என்பது அதன் பெயர். தமிழில் சீனித்துளசி என்கிறோம். பெயரில் துளசி இருந்தாலும் துளசிக்கும் இதற்கும் உறவில்லை. இது சூரியகாந்தியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடி. இது எங்கிருந்து வந்தது? இதன் இனிப்பை முதலில் அறிந்தவர்கள் யார்? நம் அடுக்களையில் இதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இவற்றையே இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் சீனியைப் பற்றி ஒரு சொல். சீனி நமக்கு அந்நியப் பொருள் அன்று. ரப்பர் மரம் இந்நாட்டில் பரவுவதற்கு முன்பே நம் முன்னோர் பலர் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் வந்தனர். இன்று செபராங் பிறை என வழங்கும் பகுதியில் 1840-களில் வெள்ளைக்காரத் துரைமார் கரும்பை விரிவாகப் பயிரிட்டார்கள். அதற்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களைக் கப்பலேற்றினார்கள். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வாரிக்கொண்டு போனவர்கள் அநேகர். 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறையில் ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. அதையொட்டிய ஆண்டுகளில் கரும்பு நின்ற நிலத்தில் ரப்பர் நின்றது. ஆனால் கரும்பை வெட்டிச் சுமந்தவர்களின் வீட்டில் சீனி தாராளமாகப் புழங்கியதா என்றால், இல்லை. இனிப்பு என்பது தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் உரிய பொருளாகவே இருந்தது.

பிற்காலத்தில் நிலைமை மாறியது. சீனி மலிந்தது, டின் பால் மலிந்தது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், வெயிலில் மரம் வெட்டி, பால் வாளியைச் சுமந்தவர்களுக்கு அந்த இனிப்பு உழைப்பில் கரைந்தது. இன்று நம்மில் பலர் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்துவிட்டோம். தொழிற்சாலையில் நின்ற இடத்தில் நிற்கிறோம், காவலுக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காருகிறோம். உழைப்பின் தன்மை மாறிவிட்டது. கோப்பிக் குவளை மட்டும் மாறவில்லை. இந்த இடத்தில்தான் சீனிக்கு மாற்று தேடவேண்டிய அவசியம் பிறக்கிறது.

இனி, சீனித்துளசியின் தாயகத்துக்குச் செல்வோம். தென்னமெரிக்காவில் பராகுவே என்று ஒரு நாடு உண்டு. அதன் வடகிழக்கே, பிரேசில் எல்லையை ஒட்டி அமம்பாய் என்னும் மலைப்பகுதி இருக்கிறது. அங்கே குவரானி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் மொழியில் இந்தச் செடிக்குப் பெயர் 'காஆ ஹெஎ'. இனிப்பான மூலிகை என்பது அதன் பொருள். நாம் தேநீர் குடிப்பதைப்போல அவர்கள் 'மாத்தே' என்னும் ஒருவகை இலையை ஊறவைத்துக் குடிப்பார்கள். அது கசக்கும். அந்தக் கசப்பைப் போக்க இந்தச் செடியின் இலையைச் சேர்த்துக்கொள்வார்கள். மருந்துக்கும் பயன்படுத்துவார்கள்.

மாத்தே இலை பறிக்கும் தொழிலாளர்களைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். அவர்களை 'மென்சு' என்பார்கள். முன்பணம் கொடுத்துக் காட்டுக்குள் அழைத்துச் செல்வார்கள். கொடுத்த பணம் கடனாக ஏறும். கடன் தீராமல் வெளியேற முடியாது. கேட்கும்போது நம் பாட்டன்மார் காலத்து முன்பணமும் கடைக்கணக்கும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? கடல்கள் வேறாயினும் தோட்டக் கணக்கு ஒன்றுபோலத்தான் இருந்திருக்கிறது.

இந்த மக்கள் வாயிலாகத்தான் வெளியுலகம் இச்செடியை அறிந்தது. மொய்சேஸ் பெர்டோனி என்பவர் சுவிட்சர்லாந்தில் 1857-இல் பிறந்து தென்னமெரிக்காவில் குடியேறிய தாவர அறிஞர். 1887-இல் இந்த இனிப்பு இலையைப் பற்றி அவர் கேள்விப்பட்டார். கேள்விப்பட்டாரே தவிர, செடி எளிதில் கிட்டவில்லை. 1899-இல் தமக்குக் கிடைத்த உலர்ந்த இலை, பூக்களைக்கொண்டு அதைப் பற்றி எழுதினார். 1903-இல் ஒரு பாதிரியார் உயிர்ச்செடியை அனுப்பிய பின்னரே முழுமையாக ஆராய முடிந்தது. 1905-இல் அதற்கு 'ஸ்டீவியா ரெபௌடியானா' என்னும் பெயர் நிலைபெற்றது. ஸ்டீவியா என்பது எஸ்தேவே என்ற பழைய ஸ்பானிய மருத்துவரின் பெயரிலிருந்து வந்தது. ரெபௌடியானா என்பது, செடியின் சாற்றை முதலில் சோதித்த ரெபௌடி என்ற பராகுவே வேதியியலாளரின் பெயரிலிருந்து வந்தது. கவனியுங்கள்: செடியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குவரானி மக்களின் பெயர் அதில் எங்கும் இல்லை.

1931-இல் பிரிடெல், லவியேல் என்னும் இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் இலையிலிருந்து இனிப்புப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். ஸ்டீவியோசைடு என்று அதற்குப் பெயர். சீனியைவிட ஏறத்தாழ 300 மடங்கு இனிப்பு! எனினும் சீனி ஏராளமாகக் கிடைத்த உலகம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

கவனித்த நாடு ஜப்பான். 1960-களின் இறுதியில் சைக்லமேட் என்ற செயற்கை இனிப்பின்மீது ஐயம் எழுந்து, 1969-இல் அமெரிக்காவும் ஜப்பானும் அதைத் தடுத்தன. மாற்றுத் தேடிய ஜப்பானியர் பராகுவே செடியின்பால் திரும்பினார்கள். 1971-இல் மொரிட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் ஸ்டீவியா இனிப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஊறுகாய், மீன் பண்டங்கள், சோயா குழம்பு ஆகியவற்றில் உப்பின் காரத்தைத் தணிக்கவும் அதைச் சேர்த்தார்கள்.

அமெரிக்கா நெடுநாள் தயங்கியது. 1991-இல் இறக்குமதியைத் தடுத்தது; 1995-இல் ஊட்டச்சத்துத் துணைப்பொருளாக மட்டும் அனுமதித்தது; 2008-இல்தான் தூய்மை செய்யப்பட்ட சாற்றை உணவில் சேர்க்க வழிவிட்டது. அதே 2008-இல் உலக உணவு, சுகாதார நிறுவனங்களின் கூட்டு வல்லுநர் குழு அளவு ஒன்றை வகுத்தது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஸ்டீவியால் கணக்கில், நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் வரை என்பது அந்த அளவு. ஐரோப்பா 2011-இல் அனுமதித்தது. நம் நெகிரி செம்பிலானில், பண்டார் என்ஸ்தெக்கில், இந்த இனிப்பைத் தூய்மைப்படுத்தும் ஆலையே எழுந்தது. இந்த அனுமதிகளெல்லாம் தூய்மை செய்யப்பட்ட சாற்றுக்கே உரியவை. பச்சை இலைக்கும் வீட்டில் வடித்த கஷாயத்துக்கும் அமெரிக்கா அவ்வாறு வழிவிடவில்லை.

இது உடலில் என்ன செய்கிறது? வயிற்றில் இது சீனியைப்போல உடைந்து இரத்தத்தில் சர்க்கரையாகக் கலப்பதில்லை. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் இதைச் சிதைக்கின்றன. எஞ்சும் பொருளை ஈரல் மாற்றியமைக்க, அது சிறுநீரில் வெளியேறுகிறது. ஆகவே இரத்தச் சர்க்கரையை இது ஏற்றுவதில்லை.

அப்படியானால் கவலை தீர்ந்ததா? இல்லை. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம் ஓர் அறிவுரை வெளியிட்டது. உடல் எடையைக் குறைப்பதற்கோ, நோய் வருவதைத் தடுப்பதற்கோ இத்தகைய மாற்று இனிப்புகளை நம்பவேண்டாம் என்பது அதன் சாரம். ஸ்டீவியாவும் அதில் அடங்கும். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்றும் அதில் கூறப்பட்டது. சொட்டு மருந்துபோல் இருப்பதால் இதை மருந்தென்று எண்ணிவிடக்கூடாது. மருத்துவர் கொடுத்த மாத்திரைக்கு இது ஈடாகாது.

இனி அடுக்களைக்கு வருவோம். திரவ ஸ்டீவியா கொதிநீரில் கெடுவதில்லை. கோப்பி, தேநீர், எலுமிச்சைச் சாறு இவற்றுக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் டின் பாலை ஊற்றிவிட்டு அதன்மேல் இரண்டு சொட்டு விடுவதில் பயனில்லை. அந்தப் பாலில் ஏறக்குறைய பாதி இனிப்புதானே! பசும்பாலுக்கு மாறினால்தான் சொட்டுக்குப் பொருள் உண்டு.

பாயசத்துக்கும் இது ஒத்துவரும். ஜவ்வரிசியையோ பாசிப்பருப்பையோ பாலில் வேகவைத்து, இறக்கும் தறுவாயில் சில சொட்டுகள் விடுங்கள். கலக்கிச் சற்றுப் பொறுத்து ருசி பாருங்கள். இதன் இனிப்பு நாவில் மெதுவாக ஏறி, நெடுநேரம் நிற்கும். அவசரப்பட்டு மேலும் ஊற்றினால் அதிமதுரம்போல் கசக்கும். ஏலக்காயும் ஒரு சிட்டிகை உப்பும் அந்தக் கசப்பை மறைக்க உதவும். அகார் அகாருக்கும் இதைச் சேர்க்கலாம். அது உறைவதற்குச் சீனி வேண்டியதில்லை. புளிக்குழம்பிலும் சம்பலிலும் கிள்ளிப் போடும் சீனிக்குப் பதில் ஒரு சொட்டு போதும்.

ஒத்துவராதவையும் உண்டு. அதிரசத்துக்கும் மைசூர்பாகுக்கும் கடலை உருண்டைக்கும் பாகு வேண்டும். சொட்டில் பாகு வராது, கம்பிப்பதமும் இல்லை. கேக்கில் சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை. ஈரத்தைப் பிடிப்பதும் மேல்தோலைச் சிவக்கவைப்பதும் அதன் வேலையே. அப்ப மாவில் ஈஸ்ட் சேர்த்தால் அதற்கு இரையாகச் சிறிது சீனி வேண்டும். ஸ்டீவியாவை ஈஸ்ட் தின்னாது. கேசரிக்குச் சீனியைப் பாதியாகக் குறைத்து மீதிக்குச் சொட்டு விடலாம். பண்டிகைப் பலகாரத்தை முறைப்படி செய்து, அளவாக உண்பதே நல்லது.

புட்டியை வாங்கும்போது மேலே ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். படிக்க முடியாதவர்கள் பள்ளி செல்லும் பிள்ளையைக் கேளுங்கள். ஒரு கரண்டிச் சீனிக்கு எத்தனை சொட்டு என்பது புட்டிக்குப் புட்டி மாறும். சிலவற்றில் வேறு இனிப்புகளும் கலந்திருக்கும்.

இன்னொன்றை மறக்கவே கூடாது. நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சில வேளை இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், கண் இருளும். அந்த நேரத்தில் உயிரைக் காப்பது உண்மையான சீனித் தண்ணீர். ஸ்டீவியா சொட்டு அங்கே எதற்கும் உதவாது. ஆதலால் மாற்று இனிப்பு வந்த வீட்டிலும் ஒரு சிறு டப்பாவில் சீனி இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

நிறைவாக ஒன்று. 2010-இல் ஜப்பானின் நகோயா நகரில் உலக நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. ஒரு செடியைப் பற்றிய அறிவைப் பழங்குடி மக்களிடமிருந்து பெற்று இலாபம் அடைவோர், அதில் அவர்களுக்கும் பங்கு தரவேண்டும் என்பது அதன் கருத்து. அந்த நியாயத்தைக் காட்டித்தான் குவரானி மக்களுக்காகக் குரல் எழுந்தது. கரும்பை வெட்டியவர் வீட்டில் சீனி இல்லாதிருந்தது நாம் அறிந்த கதை. இனிப்பு இலையைக் காட்டியவர் கையில் காசு சேராதிருந்தது அவர்கள் கதை. இரண்டையும் சேர்த்து நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நாக்கு பழகிய பொருளைத்தான் கேட்கும். மூன்று கரண்டிச் சீனியை இரண்டாக்கி, சில வாரம் கழித்து ஒன்றாக்கினால் நாவும் அதற்குப் பழகிவிடும். அதற்கு இந்தச் சொட்டு ஒரு கைத்தடியாக இருக்கலாம். நடக்கவேண்டியது நாம்தான். இன்று மாலை உங்கள் வீட்டில் கலக்கும் கோப்பியிலேயே அதைத் தொடங்கலாமே!