தவழ்தலும் தாங்குதலும்

1972 ஜனவரியில் அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில், ஸ்டீவ் பாக்ஸ்டன் ஆண் நடனக்காரர்கள் சிலரைக் கொண்டு 'மெக்னீசியம்' என்னும் ஆக்கத்தை நிகழ்த்தினார. ஏறத்தாழ பத்து நிமிடம் அவர்கள் விரிப்பின்மேல் ஒருவர்மீது ஒருவர் மோதினர், சரிந்தனர், உருண்டனர். இறுதியில் அசையாது நின்றனர். அவ்வாண்டு ஜூன் மாதம் நியூயார்க்கில் 'காண்டாக்ட் இம்ப்ரவைசேஷன்' என்ற பெயரில் அரங்கேறிய நடனம் இதிலிருந்தே கிளைத்தது. வகுத்த அடவுகள் அதற்கு இல்லை. இரு உடல்கள் தொடும் இடத்தில் எடையைக் கொடுத்தும் வாங்கியும் அக்கணத்திலேயே ஆட வேண்டும்.

உருண்டு விழும் வித்தையை பாக்ஸ்டன் தாம் பயின்ற அய்கிடோவிலிருந்து பெற்றார். மற்றொருவரைத் தாங்கும் வித்தைக்கோ, பின்னாளில் இந்நடனத்தார் பலர் மழலையின் உடலை நாடினர். அவ்வழியைக் காட்டியவர்களுள் முதன்மையானவர் பானி பெய்ன்பிரிட்ஜ் கோஹன். நடனமும் செயல்வழி மருத்துவமும் அறிந்த அவர், 1973இல் தம் பள்ளியை நிறுவினார். இந்நடனத்தாரின் இதழான 'காண்டாக்ட் குவார்ட்டர்லி' 1980களில் அவரது நேர்காணல்களையும் கட்டுரைகளையும் வெளியிட்டது. 1993இல் அவை நூலாயின.

அவர் கூறுவது எளிது. குப்புறக் கிடக்கும் குழந்தை முதலில் தரைக்குத் தன் எடையை ஒப்புக்கொடுக்கிறது. பின்பு முன்கைகளால் தரையை உந்துகிறது. எட்டுதல் அதன் பிறகே. (நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் செங்கீரைப் பருவத்தில் பாடியதும் கையூன்றித் தலை நிமிர்த்தும் இக்குழந்தையைத்தான்.) வளர்ந்த நாமோ உந்தாமலே எட்டுகிறோம். துணைவரை வெறும் கைவலிமையால் தூக்கும் ஆடுநர் தோளை நோகடித்துக்கொள்கிறார். பாதம் தரையை உந்த, அவ்விசை முதுகெலும்பு வழியே ஏறித் தொடும் இடத்தை அடைந்தால், அதே எடை தாங்கக்கூடியதாகிறது. வலக்கையும் இடக்காலும் சேர்ந்து நகரும் தவழ்தலில் உடல் முறுகுகிறது. அம்முறுக்கைக் கொண்டு துணைவரின் தோளிலிருந்து பொத்தென்று விழாமல் சுழன்று இறங்கலாம்.

இதனை இயற்கையின் மாறா ஏணி என்று போற்றுவோருடன் நாம் உடன்படவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 4.3 விழுக்காட்டுக் குழந்தைகள் கை, முழங்கால் ஊன்றித் தவழாமலே நடந்தன. அவர்களுள் எவரும் பின்னாளில் நல்ல ஆடுநராகலாம். ஆயினும் துணைவரின் முதுகில் ஏறுமுன் சற்றுநேரம் தரையில் கவிழ்ந்து, முன்கையூன்றி உந்திப் பார்ப்பவரிடம் நம் எடையைக் கொடுக்க நமக்கு அச்சம் குறைவு.