கேமரன் மலைக் குளிரில் டிஸ்கஸ் குஞ்சுகள்: தோலில் பாலூட்டும் மீனை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது எப்படி?

ஈப்போவிலோ பினாங்கிலோ டிஸ்கஸ் மீன் வளர்ப்பவருக்கு வெப்பம் இலவசமாகவே கிடைக்கிறது. அங்கு ஹீட்டர் இல்லாத தொட்டியும் 28 டிகிரியில் நிற்கும். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் வட்டாரத்துத் தோட்டக் குடியிருப்புகளில் நிலைமை வேறு. இரவில் 16 டிகிரிக்கும் கீழே இறங்கும் குளிரில், 30 டிகிரி நீர் கேட்கும் அமேசான் மீனை வளர்ப்பது எளிதன்று. ஆனால் முடியாத காரியமும் அன்று. கேமரன் மலையின் மென்மையான நீர் இந்த மீனுக்கு ஏற்றது. குளிரைச் சமாளித்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

தட்டுபோல் வட்டமான இந்த மீன் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றைச் சேர்ந்தது. 1840-இல் ஆஸ்திரிய ஆய்வாளர் ஹெக்கல் இதற்கு அறிவியல் பெயரிட்டார். மலேசியாவில் பினாங்கு நீண்ட காலமாகவே டிஸ்கஸ் பண்ணைகளுக்குப் பெயர் பெற்றது.

மற்ற அலங்கார மீன்களிலிருந்து டிஸ்கஸை வேறுபடுத்துவது அதன் குஞ்சு வளர்ப்புதான். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் தாய், தந்தை இருவரின் தோலிலும் சுரக்கும் சளிப்படலத்தைக் கொத்தித் தின்கின்றன. இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரேசில் ஆய்வாளருடன் இணைந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு, முட்டையிடும் காலத்திலிருந்தே பெற்றோரின் சளியில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருள்களும் கூடுவதைக் காட்டியது. முதல் இரண்டு வாரம் குஞ்சுகள் கேட்கும்போதெல்லாம் ஊட்டும் பெற்றோர், மூன்றாவது வாரத்தில் விலகி நீந்தத் தொடங்குகின்றன. பிள்ளையைப் பால் மறக்கடிக்கும் தாயின் செயல் அப்படியே இது. ஆகவே வளர்ப்பவரின் முதல் வேலை, அந்த மூன்று வாரமும் பெற்றோர் மீன்களை மிரளவிடாமல் வைப்பது.

ஜோடிக்கு 45 சென்டிமீட்டர் நீள, அகல, உயரமுள்ள தொட்டி போதும். ஏறத்தாழ 90 லிட்டர் பிடிக்கும். மணல், கல், செடி எதுவும் வேண்டாம். வெறும் அடித்தளம்தான் சுத்தம் செய்ய எளிது. மென்மையாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று. 200 வாட் ஹீட்டர் ஒன்றுக்குப் பதில் 100 வாட்டில் இரண்டு போடுவது நல்லது. ஒன்று பழுதானால் மற்றொன்று தாங்கும். தானியங்கிச் சுவிட்சு ஒட்டிக்கொண்டால் 100 வாட் ஹீட்டர் தொட்டியைக் கொதிக்க வைக்காது. பின்புறம், இரு பக்கங்கள், அடிப்பகுதி நான்கிலும் மெத்துப்பலகை ஒட்டி, மேலே கண்ணாடி மூடி வைத்தால் ஹீட்டர் எரியும் நேரம் வெகுவாகக் குறையும். இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 8 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 48 யூனிட் மின்சாரம். இந்தச் செலவைக் கணக்கிட்ட பிறகே மீனுக்குப் பணம் கொடுக்க வேண்டும். நீரில் கை விடும் முன் மின் இணைப்பைத் துண்டிப்பதை வீட்டிலுள்ள அனைவரும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

மின்தடை வந்தால் தொட்டியைக் கம்பளியால் போர்த்தி, சுடுநீர் நிரப்பி இறுக மூடிய பிளாஸ்டிக் போத்தல்களை மிதக்கவிடலாம். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

மலையில் பலர் மீனை இழப்பது நீர் மாற்றும்போதுதான். 90 லிட்டரில் 27 லிட்டரை எடுத்துவிட்டு 18 டிகிரிக் குழாய் நீரை ஊற்றினால், 30 டிகிரியில் இருந்த தொட்டி 26.4-க்கு இறங்கிவிடும். வளர்ந்த மீனே சுருண்டு போகும், குஞ்சு தாங்காது. முதல் நாளே வாளியில் பிடித்து வைத்த 23 லிட்டர் நீருடன் 4 லிட்டர் கொதிநீரைக் கலந்தால் 30 டிகிரி வரும். தெர்மோமீட்டரால் சரிபார்த்த பிறகே ஊற்ற வேண்டும். குழாய் நீரில் குளோரின் இருப்பதால் ஆண்டி-குளோரின் சொட்டு மருந்தும் அவசியம்.

குழாய் நீருக்குப் பதில் ஓடை நீரைப் பிடிக்கலாமே என்று தோன்றலாம். காய்கறித் தோட்டங்களுக்குக் கீழே ஓடும் நீரைத் தொடவே வேண்டாம். கேமரன் மலை ஆறுகளில் பூச்சிக்கொல்லி எச்சங்கள் இருப்பதை ஆய்வுகள் கண்டுள்ளன. மருந்தடித்துவிட்டு வந்த கையையும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் தொட்டிக்குள் விடக்கூடாது. வீட்டில் கொசு மருந்து தெளித்தால் ஏர் பம்ப் அதை நேரே நீருக்குள் தள்ளிவிடும்.

டிஸ்கஸில் ஆண் பெண்ணைத் தோற்றத்தால் பிரித்தறிவது கடினம். இளமீன்கள் ஆறு வாங்கி ஒன்றாக வளர்த்தால், பருவம் வந்ததும் அவையே ஜோடி சேரும். சேர்ந்த இரண்டும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். அப்போது அவற்றைத் தனித் தொட்டிக்கு மாற்றலாம். முட்டையிடக் கூம்பு வடிவ மண்கலம் விற்கிறார்கள். நர்சரிகள் நிறைந்த இந்த மலையில் அதற்குத் தனியாகக் காசு செலவழிப்பானேன்? புதிய களிமண் பூச்சட்டியை ஊறவைத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாலே போதும்.

முட்டைகள் நூற்றுக்கு மேலும் இருக்கும். ஏறத்தாழ இரண்டரை நாளில் பொரிந்து, சட்டியிலேயே ஒட்டிக்கொண்டு வால் ஆட்டும். அடுத்த இரண்டு மூன்று நாளில் நீந்தத் தொடங்கும். இளம் ஜோடி முதல் சில ஈடுகளைத் தானே தின்றுவிடுவதுண்டு. மனம் தளர்ந்து ஜோடியைப் பிரிக்க வேண்டாம், பெரும்பாலும் பழகிக்கொள்ளும். இரவில் மங்கலான விளக்கு எரியட்டும். தொட்டிக்கு முன்னால் பிள்ளைகள் ஓடியாடாமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம்.

குஞ்சு நீந்தும் நாளே கண்டம். பெற்றோரின் உடலைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளாத குஞ்சு பட்டினியால் இறந்துவிடும். நீர் மட்டத்தைக் குறைத்தால் தேடும் தூரம் குறையும். இயல்பாக அப்போது பெற்றோரின் நிறம் கருக்கும். குஞ்சுகள் அந்தக் கருமையை நோக்கிப் போகும். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்திலிருந்து வந்த 'பிஜன் பிளட்' வகை அப்படிக் கருப்பதில்லை. வண்ணத்தில் மயங்கி அந்த வகையிலேயே ஜோடி வாங்குபவரின் குஞ்சுகள் பெற்றோரை விட்டுக் கருப்பு ஃபில்டரைச் சுற்றுவதுண்டு. ஜோடியில் ஒன்றாவது கருக்கும் வகையாக இருந்தால் தொல்லை குறைவு.

நீந்தத் தொடங்கிய நான்கைந்து நாள் கழித்து ஆர்ட்டீமியாக் குஞ்சுகளைக் கொடுக்கத் தொடங்கலாம். லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு கரைத்த நீரில் முட்டையைப் போட்டுக் காற்று விட்டால் ஒரு நாளில் பொரியும். குளிர் அறையில் பொரிக்காது. அந்தப் போத்தலையும் வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி வைக்க வேண்டும். உப்பு போக அலசி, சிறிது சிறிதாக நாளுக்கு ஐந்தாறு முறை கொடுக்க வேண்டும். காலையில் கொழுந்து பறிக்கப் போய் மாலையில் திரும்பும் வீட்டில், பகலில் இதைக் கவனிக்க ஓர் ஆள் இருக்கிறாரா என்பதை முதலிலேயே யோசிக்க வேண்டும். மிஞ்சிய தீவனத்தை அன்றன்றே உறிஞ்சி எடுத்து, சூடாக்கிய நீரை மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடலாம். மென்மையான நீரில் அழுக்குச் சேர்ந்தால் அமிலத்தன்மை சட்டென ஏறிவிடும். நாள் தவறாமல் மாற்றுவது அதனால்தான்.

மூன்றாவது வாரத்தில் பெற்றோரின் உடலைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். தோலில் காயம் தெரிந்தாலோ, குஞ்சுகளைக் கண்டு விலகி ஓடினாலோ பெற்றோரைப் பிரித்து ஓய்வு கொடுக்கலாம். குஞ்சுகள் அதே தொட்டியில் அதே சூட்டில் இருக்கட்டும்.

விற்று லாபம் பார்க்கலாம் என்று தொடங்குபவர், பினாங்குப் பண்ணைகள் ஹீட்டர் செலவின்றி வளர்த்த மீனோடுதான் தன் மீனும் போட்டியிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஈப்போவுக்கு இறக்குவதாக இருந்தால் அதிகாலைக் குளிரில் புறப்பட வேண்டாம். முதல் நாளே தீவனத்தை நிறுத்தி, பையை மெத்துப்பெட்டிக்குள் வைத்து, வெயில் ஏறிய பிறகு கிளம்பலாம்.